பாடத்தைத் திருத்தும் உரிமை: இந்திய வகுப்பறைகளில் மின்னணுக் கருவிகளும் ஆசிரியர் கூட்டுறவும் (1975–2020)

1. முன்னுரை

வகுப்பறையில் மின்னணுக் கருவிகளின் பயன்பாட்டைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்கின்றன. எத்தனை பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்கப்பட்டது, எத்தனை ஆசிரியர் பயிற்சி பெற்றனர், எத்தனை பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன என்பன கணக்கிடப்படுகின்றன. ஓர் ஆசிரியர் தம் மொழியில் எழுதிய பாடக்குறிப்பை வேறோர் ஊரின் ஆசிரியர் திறந்து படிக்க முடிந்ததா, தம் மாணவர்க்கு ஏற்பத் திருத்த முடிந்ததா, திருத்தியதை மீண்டும் பிறர்க்கு அளிக்க முடிந்ததா என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. படித்தல், திருத்துதல், திருப்பி அளித்தல் ஆகிய இம்மூன்று செயல்களும் சேர்ந்ததே ஆசிரியர் கூட்டுறவு. மூன்றும் எழுத்தின்வழி நிகழ்பவை. எனவே இவ்வினாக்கள் கல்வியியலார்க்கு மட்டுமன்றி மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியவை.

1975ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை தொடங்கி, 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்ட காலம் வரையிலான இந்திய முயற்சிகளை இக்கட்டுரை இந்நோக்கில் ஆராய்கிறது. கருவி கைக்கு வந்ததால் மட்டும் கூட்டுறவு வளரவில்லை. இந்திய மொழி எழுத்து ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் சிதையாமல் செல்லத் தொடங்கிய பின்னரே அது வேர்கொண்டது. அவ்வாறு வேர்கொண்ட பின்னரும் திருத்தும் உரிமை தானாக நிலைபெறுவதில்லை என்பன இக்கட்டுரையின் முடிபுகள்.

2. ஒரு படம், இரு குரல்

இந்தியப் பள்ளிகளில் மின்னணு ஊடகத்தைப் பேரளவில் பயன்படுத்திய முதல் முயற்சி, செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆகும். அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளின் துணையுடன் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் நடத்திய இச்சோதனை 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்றது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், அன்றைய ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் இதில் இடம்பெற்றன. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கும் மாலையில் ஊர் மக்களுக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. தெலுங்கு, இந்தி, கன்னடம், ஒரியா ஆகியன ஒளிபரப்பு மொழிகளாக இருந்தன.

இவ்வமைப்பில் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க கூறு ஒன்று உண்டு. ஒரு படத்துடன் இரண்டு ஒலித்தடங்களை அனுப்பும் வசதி இதில் இருந்தது. ஒரே காட்சியை ஒரே நேரத்தில் இரு மொழியினர் தத்தம் மொழியில் கேட்கலாம். ஆயினும் அவ்வாறு எழுதப்படும் உரை படத்தின் கால அளவுக்குள் அடங்க வேண்டும். ஒரு மொழியில் சுருக்கமாக அமையும் தொடர் மற்றொன்றில் நீளுமாயின் பொருளைக் குறைக்க வேண்டியிருக்கும். இந்தியப் பன்மொழிச் சூழலுக்கு ஏற்பப் பாடத்தைப் பெயர்ப்பதன் அடிப்படைச் சிக்கல் இங்கேயே தோன்றிவிட்டது எனலாம்.

ஆசிரியர் பயிற்சிக்கும் இச்செயற்கைக்கோள் பயன்பட்டது. அறிவியல் கற்பித்தலுக்கென நடத்தப்பட்ட பயிற்சிகளில் ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பங்கேற்றனர். தொலைக்காட்சியுடன் வானொலியும் அச்சிட்ட கையேடுகளும் செயல்முறைப் பயிற்சியும் இணைக்கப்பட்டன. இத்தனை ஆசிரியரை ஒரே காலத்தில் எட்டியது அக்காலத்தில் பெருஞ்சாதனையே. ஆனால் செய்தி மையத்திலிருந்து ஊருக்குச் சென்றதேயன்றி ஊரிலிருந்து மையத்துக்கோ மற்றோர் ஊருக்கோ அதே வழியில் செல்ல இயலவில்லை. ஆசிரியர் கேட்பவராகவே இருந்தார்.

3. மொழியறியாக் கணிப்பொறி

1984இல் தொடங்கப்பட்ட ‘கிளாஸ்’ எனப்படும் பள்ளிக் கணிப்பொறி அறிவுத் திட்டம் அடுத்த கட்டமாகும். மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் கல்வித்துறையும் இணைந்து மேற்கொண்ட இத்திட்டம் 250 மேல்நிலை, உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கியது. பிரிட்டனில் உருவான பிபிசி மைக்ரோ கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. பல்கலைக்கழகங்களும் பொறியியல் கல்லூரிகளும் ஆசிரியர்க்குப் பயிற்சியளிக்கும் வளமையங்களாகச் செயற்பட்டன.

இக்கணிப்பொறி தொலைக்காட்சிப் பெட்டியைப்போல் ஒருவழிக் கருவியன்று. ‘பேசிக்’ மொழியில் ஆசிரியரே நிரல் எழுதலாம். எழுதியதைப் பதிந்து பிறர்க்கும் கொடுக்கலாம். அவ்வகையில் கூட்டுறவுக்கு இடந்தரும் முதற்கருவி இதுவே. தடை எழுத்தில் இருந்தது. இதன் பரவலான மாதிரியின் நினைவகம் 32 கிலோபைட்டு. ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டு என்னும் புள்ளிக் கட்டத்துள் அடங்க வேண்டும். பயன்படுத்துவோர் தாமே வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கு இயல்பாக ஒதுக்கப்பட்ட இடங்கள் 32 மட்டுமே. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளைக் காட்டத் தேவைப்படும் தனி வடிவங்களோ நூற்றுக்கும் மேற்பட்டவை. தேவநாகரி, மலையாளம் ஆகியவற்றின் கூட்டெழுத்துகள் அதனினும் மிகுதி. ‘ணௌ’ போன்ற அகன்ற வடிவத்தை எட்டுப் புள்ளி அகலத்துள் அடக்குதல் இயலாது.

எனவே வகுப்பறையில் கணிப்பொறி ஆங்கிலம் அறிந்த பொருளாகவே நுழைந்தது. தாய்மொழிவழிப் பாடம் நடத்தும் ஆசிரியர் கணிப்பொறியைத் தனிப்பாடமாகக் கற்பிக்கலாம். தம் பாடத்தைக் கணிப்பொறியால் கற்பிக்க இயலாது. வரலாற்றையோ மொழிப்பாடத்தையோ கற்பிப்பவர்க்கு அக்கருவியில் இடமே இல்லை. ‘கணிப்பொறி என்பது கணித, அறிவியல் ஆசிரியர்க்கு உரியது’ என்று பள்ளிகளில் நெடுங்காலம் நிலவிய எண்ணத்துக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

4. எழுத்துரு மிகுந்தது, பகிர்வு குறைந்தது

இத்தடையை நீக்கும் முயற்சிகள் வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தன. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றி, 1988இல் புணேயில் நிறுவப்பட்ட உயர்கணிப்பு வளர்ச்சி மையத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ தொழில்நுட்பம் சாதாரணக் கணிப்பொறியில் இந்திய எழுத்துகளைக் காட்ட வழிசெய்தது. 1991இல் இந்தியத் தர நிறுவனம் ‘இஸ்கி’ குறியீட்டு முறையைத் தரப்படுத்தியது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே குறியீட்டு அட்டவணை என்பது அதன் அடிப்படை. எழுத்தின் வடிவத்தை அன்றி, ஒலியனை ஒட்டிய எழுத்தலகையே அது குறித்தது. ஆதலால் ஒரு மொழியில் உள்ளிட்ட பெயரைப் பிறிதொரு மொழியின் எழுத்தில் எளிதில் மாற்றிக் காணலாம்.

ஆயினும் 1990களில் பள்ளிகளிலும் அச்சகங்களிலும் பரவியவை இத்தகைய தரமுறைகள் அல்ல. கணிப்பொறி அச்சுக்கோப்புக்கென உருவாக்கப்பட்ட தனித்தனி எழுத்துருக்களே. ஒவ்வோர் எழுத்துரு உருவாக்குநரும் தாம் விரும்பிய இடத்தில் எழுத்தை அமைத்தனர். ஒருவர் ‘க’ வைத்த எண்ணில் மற்றொருவர் ‘ழு’ வைத்தார். ஓர் எழுத்துருவில் அடித்த பாடக்குறிப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின.

சிக்கல் இதனோடு முடியவில்லை. ‘கொ’ என்னும் எழுத்தைக் கருதலாம். வடிவ அடிப்படையிலான எழுத்துருக்களில் முதலில் கொம்பு, பின் ககரம், அதன்பின் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அது பதிவாயிற்று. ஒலி அடிப்படையில் ககர மெய்யும் ஒகர உயிருமாக அது ஓரெழுத்து. வடிவ வரிசையில் பதிந்த சொற்களை அகரவரிசைப்படுத்தினால் கெகரமும் கொகரமும் ககரத்தின்கீழ் வாராமல் கொம்புக்குறியின்கீழ்ச் சென்று விழும். அகராதி தொகுப்போர்க்கும் சொல்லடைவு ஆக்குவோர்க்கும் இஃது எத்துணை இடர் தந்தது என்பது அறிந்ததே. ஆசிரியர்க்கும் அதே இடர்தான். வினாத்தொகுப்பில் ஒரு சொல்லைத் தேடவோ, இருவர் தொகுத்த சொற்பட்டியலை ஒன்றாக்கவோ இயலவில்லை.

இக்காலத்தில் கணிப்பொறியில் உருவான பாடம் அச்சுத்தாளாகவே பிறரை அடைந்தது. தாளைப் படிக்கலாம், திருத்தித் திருப்பி அளிக்க வேண்டுமாயின் முழுவதும் மீண்டும் தட்டெழுத வேண்டும். பின்னர் வந்த படக்கோப்பு முறையும் இத்தகையதே. முன்குறித்த மூன்று செயல்களுள் முதலாவது மட்டும் நிறைவேறியது.

தமிழில் இக்குழப்பத்தைக் களையும் முயற்சி 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் ’99 மாநாட்டில் வலுப்பெற்றது. ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீட்டு முறைகளும் ‘தமிழ்99’ விசைப்பலகையும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. அம்மாநாட்டின் பயனாக 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. எனினும் உலகத் தமிழரிடையே வழங்கிய ‘திஸ்கி’ முறை ஒருபுறமும் அரசு ஏற்ற முறைகள் மறுபுறமுமாக வேறுபாடு மேலும் சில ஆண்டுகள் நீடித்தது.

5. ஒருங்குறியும் கேரளப் பள்ளிகளும்

1991இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய எழுத்துகளுக்கு இஸ்கியின் அமைப்பையே பெரிதும் பின்பற்றியது. தமிழுக்குரிய பகுதியில் ககரத்தை அடுத்து மூன்று இடங்கள் வெற்றிடமாக இருப்பது அந்த வழிமரபின் சுவடு. இவ்வமைப்புத் தமிழுக்குப் பொருந்தாது என்ற கருத்து வலுவாக எழுந்தது. 247 எழுத்துகளுக்கும் தனி இடம் தரும் ‘டேஸ்16’ முறை முன்மொழியப்பட்டது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று, அதற்கு இடமில்லாத பயன்பாடுகளுக்கு டேஸ்16 முறையை ஏற்றது. விவாதம் எவ்வாறாயினும், எழுத்து எழுத்துருவிலிருந்து பிரிந்ததே அடிப்படை மாற்றம். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ணை’, ‘லை’ வடிவங்களையும் பிந்தைய வடிவங்களையும் ஒரே பாடத்தில், எழுத்துருவை மட்டும் மாற்றிக் காட்டலாம், பாடம் மாறுவதில்லை.

இம்மாற்றம் ஆசிரியர் கூட்டுறவாகக் கனிந்ததற்குக் கேரளம் தக்க சான்று. விண்வெளி அறிவியலார் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் அங்குத் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் தனியுரிமை மென்பொருள்களே பயன்பட்டன. இதனை ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் எதிர்த்தனர். சில ஆண்டுகளில் திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது.

இம்மாற்றத்தைச் செலவுக் குறைப்பாக மட்டும் கருதுவது குறைவான மதிப்பீடு. இதற்கு மூன்று விளைவுகள் இருந்தன. முதலாவது, பயிற்சியாளர் வெளியிலிருந்து வரவில்லை. பணியிலிருந்த ஆசிரியர்களே முதன்மைப் பயிற்சியாளராக ஆக்கப்பட்டனர்; பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். ஐயம் எழுந்தபோது ஆசிரியர் மற்றோர் ஆசிரியரையே வினவினார். உரையாடல் வகுப்பறை மொழியில் நிகழ்ந்தது. இரண்டாவது, மென்பொருளைப் படியெடுக்கவும் மாற்றவும் உரிமை இருந்ததால் பள்ளிப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற இயங்குதளத் தொகுப்பை மாநிலமே ஆக்கிக்கொள்ள முடிந்தது. மூன்றாவது, திரையின் சொற்களை மலையாளமாக்க முடிந்தது. 2002இல் தோன்றிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வக் குழு எழுத்துருக்களையும் உள்ளிடும் முறைகளையும் மொழிபெயர்ப்புகளையும் ஆக்கி அளித்தது.

திரைச்சொற்களை மொழிபெயர்ப்பது நூலை மொழிபெயர்ப்பதினின்றும் வேறுபட்டது. சூழலற்ற ஒற்றைச் சொல்லாக மூலம் அமையும். அது வினையா பெயரா என்பதே தெளிவாக இராது. பாடநூலில் ஒரு சொல்லும் திரையில் வேறொரு சொல்லும் இருந்தால் மாணவர் தடுமாறுவர். தமிழில் ‘கணிப்பொறி’, ‘கணினி’ ஆகிய இரண்டும் வழங்குவதும், ‘அடைவு’, ‘கோப்புறை’ என்று ஒரே பொருளுக்கு இரு சொற்கள் நிலவுவதும் இதற்கு அண்மைச் சான்றுகள். கலைச்சொல் ஒருமைப்பாடு என்பது இங்கு நூலறிவுப் பொருளாக இல்லாமல் ஒரு மணி நேர வகுப்பு தடையின்றி நடப்பதற்கான தேவையாகிறது.

ஒருங்குறியும் இடரற்றதாக இல்லை. மலையாளத்தில் உயிரின்றி நிற்கும் மெய்களைக் காட்டும் ‘சில்லு’ எழுத்துகள் தொடக்கத்தில் மெய், சந்திரக்கலைக் குறி, கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக்குறி ஆகிய மூன்றின் தொடராகப் பதியப்பட்டன. 2008இல் ஒருங்குறியின் 5.1ஆம் பதிப்பு அவற்றுக்குத் தனி இடங்களை அளித்தது. அதன்பின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் ‘அவன்’ என்னும் மலையாளச் சொல் இருவகையாகப் பதியப்படலாயிற்று. ஒருவகையில் தேடுவோர்க்கு மற்றொரு வகையில் எழுதப்பட்டது அகப்படாது. மலையாள மொழியியலாரும் கணிப்பொறியாளரும் இதுபற்றிக் கடுமையாக விவாதித்தனர். வடமலபாரில் ஓர் ஆசிரியர் எழுதிய குறிப்பு திருவனந்தபுரத்தில் தேடுபவர்க்குக் கிட்டுமா என்பது இத்தகைய நுண்ணிய முடிவைச் சார்ந்திருந்தது.

இவ்வடித்தளத்தின்மேல் எழுந்த ஆக்கங்களுள் பள்ளிகள் தம் வரலாற்றையும் ஊர்ச் செய்திகளையும் மலையாளத்தில் தாமே எழுதித் திருத்தும் ‘ஸ்கூல் விக்கி’ குறிப்பிடத்தக்கது. பக்கத்து மாநிலமான கர்நாடகத்திலும் ஆசிரியர் தாமே எழுதித் திருத்தும் திறந்த கல்வி வளங்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தொகுக்கப்பட்டன. ஆசிரியர் முதன்முதலாக நூலாசிரியர் நிலைக்கு உயர்ந்த களங்கள் இவை.

6. மீண்டும் ஒருவழிப் பாதை

2004 செப்டம்பர் 20இல் கல்விக்கென்றே ‘எஜுசாட்’ செயற்கைக்கோள் செலுத்தப்பட்டது. அதன் துணையுடன் கேரளத்தின் ‘விக்டர்ஸ்’ கல்வி அலைவரிசையை 2005 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். 2017 செப்டம்பர் 5இல் ஆசிரியர்க்கான தேசியத் தளமாகத் ‘தீக்ஷா’ தொடங்கப்பட்டது. 2018இல் வெளிவந்த தமிழகப் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியால் அவற்றைப் படித்து அப்பாடத்துக்குரிய காணொளியைக் காணலாம். அதே ஆண்டில் கேரளம் 45,000 உயர்நிலை, மேல்நிலை வகுப்பறைகளை ஒளிவீழ்த்தியும் மடிக்கணினியும் கொண்டனவாக மாற்றும் பணியை மேற்கொண்டது.

வசதிகள் பெருகியதில் ஐயமில்லை. ஆனால் பாடத்தின் வடிவம் எழுத்திலிருந்து காணொளிக்கு நகர்ந்தது என்பது கவனத்துக்குரியது. எழுத்துப் பாடத்தில் ஒரு சொல்லை மாற்ற ஒரு நொடி போதும். காணொளியில் ஒரு சொல்லை மாற்ற மீண்டும் பேசிப் பதிவு செய்ய வேண்டும். நாற்று நடவை எடுத்துக்காட்டாகக் கொண்ட பாடம் வயற்புறக் குழந்தைக்கு எளிது. தேயிலைத் தோட்டத்தில் வளரும் குழந்தைக்கு அது வேற்றுலகம். எழுத்துப் பாடமாயின் ஆசிரியர் எடுத்துக்காட்டை மாற்றிக்கொள்வார். காணொளியாயின் நிறுத்திவிட்டு வாயால் விளக்குவார். அவ்விளக்கம் அவ்வகுப்பறைக்கு வெளியே செல்லாது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இப்போக்கு முழுமை பெற்றது. தமிழகத்தில் 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சியும், கேரளத்தில் ஜூன் 1 முதல் விக்டர்ஸ் அலைவரிசையில் வந்த ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளும் வீட்டிலிருந்த மாணவரை எட்டின. 45 ஆண்டுகளுக்குப் பின்னர் தொலைக்காட்சியே மீண்டும் முதன்மைக் கருவியாயிற்று. வேறு வழியற்ற அந்நிலையில் இது செய்த நன்மை பெரிது.

ஆனால் 1975ஆம் ஆண்டின் நிலைக்கும் 2020ஆம் ஆண்டின் நிலைக்கும் வேறுபாடு உண்டு. கேரளத்தின் தமிழ்வழி, கன்னடவழி மாணவர்க்கெனத் தனி வகுப்புகள் ஆயத்தம் செய்யப்பட்டமை இதனை விளக்கும். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளும் காசர்கோட்டின் கன்னடவழிப் பள்ளிகளும் மாநிலப் பெரும்பான்மை மொழியின் ஒளிபரப்பால் மட்டும் பயன்பெற இயலாதவை. ஒரு படத்துக்கு இரண்டாம் ஒலித்தடம் சேர்ப்பது 1975இல் மையத்தின் பணி. 2020இல் அம்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியரே பாடத்தைத் தம் மொழியில் புதிதாக ஆக்கினர். அவர்களுக்கு எழுத்துரு தடையாக இல்லை. கருவி புதிதாக இல்லை. முந்தைய இருபது ஆண்டுகளின் பயிற்சி, மொழிச் சிறுபான்மையினர் வகுப்பறையில் பயன் தந்தது.

7. முடிவுரை

மேற்கூறிய வரலாற்றில் கருவிகள் பலமுறை மாறின. ஆசிரியர் கேட்பவராக இருந்த காலமும் ஆக்குபவராக இருந்த காலமும் மாறிமாறி வந்தன. இம்மாற்றத்துக்குக் கருவியின் புதுமை காரணமாகவில்லை. 1984ஆம் ஆண்டின் கணிப்பொறி நிரலெழுத இடந்தந்தும் மொழியை ஏற்காமையால் தாய்மொழி ஆசிரியரை வெளியே நிறுத்தியது. 1990களின் எழுத்துருக்கள் மொழியை ஏற்றும் பொதுக் குறியீடு இன்மையால் ஆசிரியரைத் தனித்தனியே நிறுத்தின. பொதுக் குறியீடும், மாற்றுதற்கு உரிமை தரும் மென்பொருளும், ஆசிரியரே ஆசிரியர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் கூட்டுறவு தோன்றியது.

இதிலிருந்து மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் மேற்கொள்ளத்தக்க பணிகள் தெளிவாகின்றன. காணொளிப் பாடம் ஒவ்வொன்றுக்கும் அதன் உரையை ஒருங்குறியில் தனியே அளித்தல் வேண்டும். உரை கையில் இருந்தால் மொழிபெயர்க்கலாம், தேடலாம், திருத்தலாம். பாடநூற் சொற்களும் திரைச்சொற்களும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒரே சொல் இருவகையாகப் பதிவாகும் இடங்களைக் கண்டறிந்து நேர்செய்தல் வேண்டும். இவை சிறு பணிகளாகத் தோன்றலாம். தோட்டத்துக் குழந்தைக்காக ஓர் ஆசிரியர் மாற்றிய எடுத்துக்காட்டு அடுத்த மலையின் பள்ளியைச் சென்றடைவது இச்சிறு பணிகளையே நம்பியிருக்கிறது.